லைனில் இருந்தவள்

கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். மாஜி எம்.எல்.ஏ. துணியை இழுத்ததும் கூட்டம் கைதட்டியது, செத்தவள் படத்துக்கு யாராவது கைதட்டுவார்களா, தட்டினார்கள், நான் மட்டும் மங்கையின் முகத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து போட்டிருந்தாள். கழற்றினால் எதிரில் நிற்பது நானா தூணா என்று தெரியாது. ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்த கண்ணாடியை ஸ்டுடியோக்காரன் அழித்துவிட்டு வேறு யாருடைய கண்களையோ கொண்டுவந்து வைத்திருக்கிறான். பெரிய, சாந்தமான, எதையும் பார்க்காத கண்கள். மங்கை எதையும் சாந்தமாகப் பார்த்தவள் இல்லை. கழுத்தில் அவளிடம் இல்லாத ஒரு சங்கிலி. இது எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ரிட்டயர் ஆன அன்று எடுத்தது. அவள் எனக்கு இடது பக்கம் நின்றாள், என் கை அவள் தோளைச் சுற்றிக் கிடந்தது. என்னை வெட்டிவிட்டார்கள், அது சரி, நடப்பது அவள் படத்திறப்பு. கையையும் அழித்திருக்கிறான், ஆனால் முழுசாக அழிக்கத் தெரியவில்லை. தோளில் சேலை மடிப்பு மாதிரி சின்னச் சின்ன மேடு தெரிகிறது. மடிப்பில்லை அது. என் விரல்கள். படத்துக்குப் பின்னால் மேடை அகலத்துக்கு ஃபிளெக்ஸ், பாசமிகு தாய், அன்புப் பாட்டி, உற்ற தோழி மங்கையர்க்கரசி அம்மையார். யாருக்கு உற்ற தோழி என்று போடவில்லை. அம்மையார் என்று யாராவது கூப்பிட்டிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள், அல்லது திரும்பிப் பார்த்து, எந்த அம்மையாருடா, என்று கேட்டிருப்பாள்.

மைக் அவள் தம்பி பரிதியிடம் இருக்கிறது. பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், சாப்பாட்டுப் பந்தி தள்ளிப் போகக் கூடாதாம். எட்டாவதோ ஒன்பதாவதோ பேர் என்னுடையது. உறையூரில் இந்த மண்டபத்தில்தான் அவள் மகன் திருமாறனின் கல்யாணமும் நடந்தது, இதே ஃபேன்கள், இதே சத்தம், அன்றைக்கும் என் இடது காதில் ஒன்றும் விழவில்லை. முப்பது வருஷம் ஹெட்செட் மாட்டிய காது. வலது காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கிறேன், கேட்காமலே இருந்திருக்கலாம். தியாகம் என்கிறார்கள். மெழுகுவர்த்தி என்கிறார்கள். சந்தனக்கட்டை என்கிறார்கள். ஒரு மனுஷி செத்தால் மளிகைக் கடையில் இருக்கிற எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டுகிறார்கள். திருமாறனின் மாமனார், அந்த அம்மாள் கைப்பக்குவம் அமுதம், என்றார். மங்கையின் சமையலை அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அவள் வைக்கும் ரசத்தில் புளி ஒரு பக்கம் போகும், உப்பு ஒரு பக்கம் போகும். எனக்கு டிபன் கேரியரில் ஒரு அடுக்கு கூடுதலாகக் கட்டும்படி எங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன், அந்த அடுக்கு மங்கைக்கு. மீன் குழம்பு இருந்தால் இரண்டு அடுக்கையும் அவளே தின்றுவிடுவாள். பிலோ, உங்க ஜெபத்தைவிட உங்கம்மா கொழம்பு சீக்கிரம் மோட்சத்துக்குக் கொண்டு போயிரும்டி, என்பாள். இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். ஆனால் நான் சொல்ல வேண்டியது இதில்லை. சொல்வேனா என்பது எனக்கே தெரியவில்லை. வேன் வர்ற நேரம்டி. மங்கையின் அந்தக் குரல் காதுக்குள் கிடக்கிறது, இடது காதுக்குள், அந்தச் செத்த காதுக்குள்.

மூன்று நிமிடம் என்றால் என்ன என்று இந்த மண்டபத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. வெளியூருக்குப் பேசும் ட்ரங்க் கால் மூன்று நிமிடம். பதிவு பண்ணிவிட்டு அரை நாள் காத்திருப்பார்கள், லைன் கிடைத்ததும் நலமா நலமா என்பதிலேயே முக்கால்வாசி போய்விடும், அப்புறம் ஆபரேட்டர்கள் நாங்கள் உள்ளே நுழைந்து, மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ஷன் வேணுமா, என்று கேட்போம். பிள்ளை பிறந்தது, அப்பா போய்விட்டார், மாப்பிள்ளை வேண்டாம் என்கிறான், எல்லாம் லைன் சேர்க்கும் போர்டு முன்னால் உட்கார்ந்த எங்கள் காது வழியாகத்தான் போகும். நானும் மங்கையும் வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் அம்மாள் சொன்ன முதல் பாடம், லைனில் கேட்டது லைனோடு போச்சு. வீட்டில் சொல்லக் கூடாது, சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லக் கூடாது என்று என்னைப் பார்த்துத் தனியாகச் சொன்னாள், கிறிஸ்தவச்சி என்று தெரிந்து. மங்கை விதிகளில் பாதியை மதிக்க மாட்டாள். பிரசவ வலி என்று யாராவது கெஞ்சினால் வரிசையை மாற்றி முன்னால் போட்டுவிடுவாள், மெமோ வாங்குவாள், வாங்கிக்கொண்டே அடுத்ததையும் போடுவாள். ஆனால் இந்த ஒரு விதியை அவளும் மீறியதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சங்கதி முழுக்க எங்கள் இருவருக்கும் தெரியும், அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வாயை மூடிக்கொண்டு பாயசம் குடித்துவிட்டு வந்தோம். அப்படிப் பழகிய வாய் இது. அப்படிப் பழகியதால்தான் அவள் செத்த அன்றைக்கும் மூடியே இருந்தது.

மேடையில் இப்போது யாரோ, கணவர் மறைந்த பிறகு தன்னந்தனியாக ஒரு மகனை ஆளாக்கியவர், என்கிறார்கள். தன்னந்தனியாக. மாறன் பத்தாவது படிக்கும்போது அவன் அப்பா போனார். மங்கைக்கு நைட் டியூட்டி என்றால் பையன் மேலப்புதூரில் எங்கள் வீட்டில்தான் படுத்தான். ப்ளஸ் டூ பரீட்சை முழுக்க நான் ஹார்லிக்ஸ் போட்டுக் கொடுத்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத எனக்கு அவன் பெரியம்மா என்று கூப்பிட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இப்போதும் நல்ல நாளில் அவன் போன்தான் எனக்கு வரும். நான் செத்தால் கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் நடக்கப் போவது அவன்தான் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவனைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள். அவனும், அவன் மகள் நித்திலாவும். இன்றைக்கு மைக்கில் நான் வாயைத் திறந்தால் அந்த இரண்டும் போச்சு. மருமகள் அந்தக் குழந்தையை என் பக்கம் அண்ட விடுவாளா. கிறிஸ்துமஸுக்கு வரும், கேக்கில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்னும், இனிமேல் வராது. சரி, திறக்க வேண்டாம். நல்ல சிநேகிதி, நல்ல சமையல், மெழுகுவர்த்தி, நன்றி வணக்கம். படத்திலிருந்து அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, அவை மங்கையின் கண்களே இல்லை, அந்தக் கண்களுக்கு நான் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு மாசம்தான் பெரியம்மா, என்றான் மாறன், நித்திலா பிறந்தபோது. ஆறு மாசம் அம்மா சென்னைக்கு வரட்டும், அப்புறம் ஆள் போட்டுக்கிறோம். ரிட்டயர் ஆனதும் என்னென்ன செய்வது என்று நாங்கள் இருவரும் பேசிவைத்திருந்ததெல்லாம் ஆறு மாசம் தள்ளிப் போனது. நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டவள், கல்லணை வரைக்கும் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியவள், எதிரில் வந்த லாரிக்காரனை இறங்கிப் போய்த் திட்டியவள், எட்டாவது மாடியில் போய் உட்கார்ந்தாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது, இப்போது நாலாவது படிக்கிறது, ஆறு மாசம் முடியவில்லை. நடுவில் ஊருக்கு வந்தால் ரிட்டர்ன் டிக்கெட்டோடு வருவாள். இல்லை, மங்கை தியாகம் செய்யவில்லை, யாரும் அவளைக் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாள், அதனால்தான் கேட்கவில்லை. குழந்தைமேல் உயிர், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பாப்பா தூங்கிய மத்தியானங்களில் எனக்குப் போன் போடுவாள். செல்போனில் இரண்டு பேரைச் சேர்த்துப் பேச வைக்க முடியும் என்று கண்டுபிடித்த அன்று அவளுக்கு எவ்வளவு சந்தோஷம். பிலோ, போர்டு நம்ம கையிலேயே வந்திருச்சுடி, என்றாள். அதற்கப்புறம் யாரோடு பேசினாலும் என்னை இழுத்து லைனில் போடுவது ஒரு விளையாட்டு. கரன்ட் ஆபீஸ்காரனோடு சண்டை போட்டால் நான் கேட்க வேண்டும். மருமகளின் அம்மா அளக்கும் கதைகளை நான் கேட்க வேண்டும். லைன்ல இருடி, என்பாள், அவ்வளவுதான், நான் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் இருப்பேன், வேலையில் பழகியது. முடிந்ததும் இருவரும் சிரிப்போம்.

அன்றைக்கும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாடு ஆகியிருந்தது. காலையிலேருந்து நெஞ்சுல ஏதோ பண்ணுதுடி, பாப்பா போனதுலேருந்து, என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. குரலை வைத்தே ஆளைச் சொல்லுகிறவள் நான், அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. இடது கையும் கனக்குது என்றதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி. வேன் வர்ற நேரம்டி, என்றாள். வேன் வர இன்னும் நேரம் இருந்தது, போய்ப் பார்த்துவிட்டு வர நேரம் இருந்தது, ஆனால் மாத்திரையோடு திருப்பி அனுப்பாமல் படுக்க வைத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தாள். அந்தப் பள்ளிக்கூடத்து வேன்காரன் வாசலில் வீட்டுப் பெரியவர்கள் யாராவது நின்றால்தான் குழந்தையை இறக்கிவிடுவான். மாறனைக் கேளு, என்றேன். இரு, லைன்ல இரு, என்றாள். சேர்த்தாள். அவன் எடுத்தான். மாறா, நெஞ்சு வலிக்குதுப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா, என்று கேட்டாள், அனுமதி கேட்கிற மாதிரி, லாரிக்காரனைத் திட்டியவள். அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏம்மா, இப்பப் போய் ஆஸ்பத்திரின்னா நித்தியை யாரு இறக்குறது. வாயுவா இருக்கும். வேன் வரட்டும், பாப்பாவை மேல கூட்டிட்டு வந்துட்டு நீ படு. சாயங்காலம் வந்து பாக்கறேன். நான் மீட்டிங்ல இருக்கேன். வைத்துவிட்டான். கத்தவில்லை, எரிந்து விழவில்லை, சாதாரணமாகச் சொன்னான், கேஸ் தீர்ந்துபோச்சு என்றால் எப்படிச் சொல்வானோ அப்படி. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்கப்புறம் நான் கத்தினேன், அவன் கிடக்கிறான், நீ கிளம்பு, பக்கத்து வீட்டைத் தட்டு, வாட்ச்மேனைக் கூப்பிடு, என்று. அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. கீழே இறங்கிப் போய்விட்டிருக்கிறாள், போனை மேலேயே வைத்துவிட்டு. அவன் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் அந்த லைனில் யார் இருந்தது என்று தெரிந்திருக்கும்.

இப்போது திருமாறனே பேசுகிறான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மழித்த முகம், அவன் அப்பா மாதிரியே நிற்கிறான். அழுகிறான். உண்மையாகவே அழுகிறான், அதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், இவன் நடிக்கவில்லை. அம்மா கடைசி நிமிஷத்துலயும் தன்னைப் பத்தி நினைக்கல, என்கிறான். வலியோட கீழ இறங்கிப் போய் பேத்திக்காக கேட்டுல நின்னாங்க. ஸ்கூல் பேக்கை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டாங்க. பேக்கோடவே விழுந்தாங்க. அவங்க எனக்கு அம்மா இல்ல, தெய்வம். கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். காலையிலிருந்து பேசிய ஒவ்வொருவரும் இந்த கேட்டுக்கு வந்துதான் முடித்தார்கள், பேத்திக்காக, பேத்திக்காக, பேத்தியை இறக்குவதற்காக. ஒவ்வொரு தடவையும் முன்வரிசையில் இருக்கும் நித்திலாவின் பச்சைப் பாவாடை கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலிக்குள் போகிறது. யாரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லோரும் படத்தைப் பார்க்கிறார்கள். காலை டிபன் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். இட்லியைத் தொடவில்லை. பிலோ பாட்டி, என்றாள், நல்ல வேளை வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அன்னிக்கு நான் வேன்ல தண்ணி பாட்டிலைத் தேடிக்கிட்டு இருந்தேன், சீட்டுக்கு அடியில போயிருச்சு, எல்லாரும் இறங்கினப்புறம்தான் இறங்கினேன், பாட்டி வெயில்ல நின்னுட்டே இருந்தாங்க. நான் பதில் சொல்வதற்குள் அவள் அம்மா வந்து, பெரியவங்களைச் சாப்பிட விடு, என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தண்ணி பாட்டில். இவர்கள் கட்டிவைத்த கோயிலில் தெய்வம் ஒன்று நிற்கிறது, பலி ஒன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மூதேவிகளுக்கு அதுகூடத் தெரியவில்லை. இந்தக் குழந்தை ஐம்பது வயதிலும் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கும்.

என் பெயர். பரிதி என் பெயரைத்தான் சொல்கிறான், எங்க அக்காவோட நெருங்கின தோழி, எக்ஸ்சேஞ்ச் பிலோமினா அக்கா, மூணே மூணு நிமிஷம். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன். லைனில் கேட்டது லைனோடு போச்சு. சூப்பர்வைசர் அம்மாள் செத்து எவ்வளவோ காலம் ஆயிற்று, அவள் குரல் சாகவில்லை. மாறன் கையைக் கொடுத்து மேடையில் ஏற்றிவிடுகிறான், படி பாத்து பெரியம்மா, என்கிறான், கை சூடாக இருக்கிறது, ப்ளஸ் டூ பையனின் கை. இந்தக் கை என் சவப்பெட்டியைத் தூக்கப் போவதில்லை இனிமேல். யார் தூக்கினால் என்ன, தூக்காமல் தெருவிலா போட்டுவிடுவார்கள். எனக்குப் பின்னால் அந்தப் படம், தோளில் என் விரல்களோடு. மைக் கீச்சென்றது. மைக்கில் கத்தக் கூடாது, வாயைக் கிட்டே வைத்துத் தாழ்ந்த குரலில் பேச வேண்டும், அப்போதுதான் தூரத்தில் தெளிவாகக் கேட்கும். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நித்திலா, பிலோ பாட்டி பேசறேன். எந்திரிக்க வேணாம், உக்காந்தே கேளு. உன் பாட்டிக்கு அன்னிக்குக் காலையிலேருந்தே நெஞ்சு வலி. நீ தண்ணி பாட்டில் தேடினதுக்கும் அவ செத்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீ மொதல்ல இறங்கியிருந்தாலும் இதான் நடந்திருக்கும். மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். போகட்டுமான்னு கேட்டா. வேன் வரட்டும், அப்புறம் படுத்துக்கன்னு பதில் வந்துச்சு. அது பெரியவங்க சமாச்சாரம். உனக்கு அதுல பங்கே கிடையாது."

மருமகள் எழுந்துவிட்டாள். மாறன் மேடை ஓரத்தில் பாதி சிரிப்போடு நின்றான், வயசானவள் ஏதோ உளறுகிறாள் என்று மற்றவர்களுக்குச் சொல்கிற சிரிப்பு.

"பெரியம்மா, யாரு அப்படிச் சொன்னது? அம்மா உங்ககிட்ட ஏதாவது பயத்துல..."

"நான் லைன்ல இருந்தேன், மாறா."

வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பான். இவன் ஆபரேட்டர் பிள்ளை. சின்ன வயதில் போர்டுக்குப் பின்னால் பெஞ்சில் படுத்து வளர்ந்தவன். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை, முகம் பத்தாம் வகுப்புப் பையனின் முகமாகி, அவன் அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று பார்த்த முகமாகி, அப்படியே பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. கோபம் போகவில்லை, இரண்டும் சேர்ந்தே இருந்தன, ஒன்று இன்னொன்றைத் தள்ளவில்லை. மாஜி எம்.எல்.ஏ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முன்வரிசையிலிருந்து நித்திலா எழுந்து நின்றாள். எழ வேண்டாம் என்று சொல்லியும் எழுந்தாள், பாட்டி மாதிரி.

"அப்பா போனை வச்சதுக்கு அப்புறம் பாட்டி என்ன சொன்னாங்க?"

மருமகள் அவள் கையைப் பிடித்தாள். குழந்தை கையை உருவிக்கொண்டது. இதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கேட்டது அவள், கேட்ட விஷயத்துக்குப் பதில் இருந்தது, மங்கையின் குரலோடு, சிரிப்போடு.

"உங்கப்பனை எருமைமாடுன்னு சொன்னா."

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். நித்திலா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. எட்டாவது மாடியில் அந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பாளோ, டிவிக்காரனுக்கு, லிஃப்டுக்கு, காய்காரனுக்கு, அவளுக்கே. சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள், இத்தனை நாளில் அவள் அழுது நான் அதுவரை பார்க்கவில்லை. கூட்டம் இப்போதுதான் படத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது.

பரிதி என் பக்கத்தில் வந்து நின்றான். இடது பக்கம் வந்து ஏதோ சொன்னான், கேட்கவில்லை, சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து மெதுவாக மறுபடியும் சொன்னான்.

"அக்கா, மூணு நிமிஷம் ஆச்சு."

"எக்ஸ்டென்ஷன் போடு," என்றேன். மைக்கை விடவில்லை.